நாகப்பட்டினம் முதல் சிங்கப்பூர் வரை, வழி: கடாரம்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 2,920 கிலோமீட்டர். விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கு நாலாம் வகுப்புப் பையன் செல்போனைத் தட்டிச் சொல்லிவிடுவான். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கடலைத் தாண்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் தூரத்தைப் பற்றிப் புலம்பியவர்கள் குறைவு. எல்லோரும் புலம்பியது காத்திருந்ததைப் பற்றி. காற்றுக்காக, ராஜாவுக்காக, அம்மை பார்க்கும் டாக்டருக்காக, முத்திரை குத்தும் குமாஸ்தாவுக்காகக் காத்திருந்தார்கள். கடல் மேலே கழித்த நேரத்தைவிடக் கடற்கரையில் கழித்த நேரம்தான் ஜாஸ்தி. வரலாற்றுப் புத்தகங்களில் இது வராது. அவற்றுக்குப் படையெடுப்பு பிடிக்கும், வரிசையில் நிற்பது பிடிக்காது.

அந்தக் காலத்தில் சென்னையும் கிடையாது, சிங்கப்பூரும் கிடையாது. கடல் மட்டும் இருந்தது. இந்தப் பக்கம் நாகப்பட்டினம், அந்தப் பக்கம் இன்றைய மலேசியாவின் கெடா, அதாவது நம்முடைய கடாரம். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சாட்சி, பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் பாஹியான் என்று படித்த சீனத் துறவி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இலங்கையிலிருந்து ஊர் திரும்பக் கப்பலேறினார். பெரிய கப்பல், இருநூறு பேர், பின்னால் கயிற்றில் கட்டிய ஒரு சின்னப் படகு. ரெண்டு நாள் நல்ல காற்று. அப்புறம் புயல், கப்பலில் ஓட்டை. சின்னப் படகுக்குத் தாவிவிடலாம் என்று வியாபாரிகள் ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் கயிற்றை வெட்டிவிட்டார்கள். இடம் பிடித்தவன் கதவைச் சாத்துவது அன்ரிசர்வ்டு பெட்டியில் பிறந்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

பாரம் குறைக்க அவரவர் மூட்டையைக் கடலில் எறியத் தொடங்கினார்கள். பாஹியான் தன் தண்ணீர்ச் சொம்பை எறிந்தார். வருஷக்கணக்காக அலைந்து சேர்த்த சுவடிகளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தக் கடலில் எழுதப்பட்ட முதல் அதிக லக்கேஜ் பிரச்சினை இதுதான் என்று தோன்றுகிறது. தொண்ணூறு நாளுக்கு மேல் தத்தளித்து ஜாவா பக்கம் கரை சேர்ந்தார். அங்கே அடுத்த காற்றுக்காக ஐந்து மாதம் உட்கார்ந்தார். அடுத்த கப்பலிலும் புயல். இந்த மொட்டைச் சாமியார் ஏறியதால்தான் இந்தக் கதி, எந்தத் தீவிலாவது இறக்கிவிட்டுப் போவோம் என்று கூட வந்த பிராமணர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு புண்ணியவான் குறுக்கே விழுந்து காப்பாற்றினார். கடைசியில் குவாங்சோவுக்குக் கிளம்பிய கப்பல், அங்கிருந்து வெகு வடக்கே ஷான்டோங்கில் போய் நின்றது. போய்ச் சேர்ந்த ஊர் எது என்பதே கரையில் வேட்டைக்காரர்களைக் கேட்டுத்தான் தெரிந்தது.

இரண்டரை நூற்றாண்டு கழித்து, 7ஆம் நூற்றாண்டில், கொஞ்சம் ஒழுங்கான கணக்கு கிடைக்கிறது. இத்சிங் என்ற சீனத் துறவி, தன்னைப் போல இந்தியாவுக்குப் போன துறவிகளைப் பற்றி எல்லாம் குறித்து வைத்தார். அதில் வூசிங் என்று ஒருவர். அவர் கடாரத்துக்கு வந்தார், குளிர்காலம் முடியும்வரை அங்கேயே இருந்தார், பிறகு மேற்கே கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்தார், அங்கிருந்து ரெண்டே நாளில் இலங்கை. டைம்டேபிள் என்றால் இப்படி இருக்க வேண்டும். முப்பது நாள் பயணத்துக்கு முன்னால் ஒரு சீசன் முழுக்கச் சும்மா இருத்தல். அதில் பிழை ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கிலிருந்து மேற்கே தள்ளும், தென்மேற்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். பாய்மரக்காரனுக்குக் கடவுள் கொடுத்தது வருஷத்துக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. நாகப்பட்டினத்து வியாபாரி போய்த் திரும்பி வந்தால் வீட்டில் பிள்ளை நடக்கப் பழகியிருக்கும். சில வீடுகளில் அது யாருடைய பிள்ளை என்ற விசாரணையும் நடந்திருக்கும். கல்வெட்டில் அதை வெட்டவில்லை.

கல்வெட்டு என்றதும் சோழர்கள் நினைவுக்கு வராமல் இருப்பார்களா?

ராஜராஜன் காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னனோடு நல்ல உறவு. அவர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார்கள், இவர் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை எழுதிவைத்தார். மகன் ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்ததும், அதே ஸ்ரீவிஜயத்தின் மீது 1025ல் கப்பற்படையை அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் சீன வணிகப் போட்டி என்று ஆரம்பித்து ஏராளமான காரணம் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நாள் ஆயிற்று?

மெய்க்கீர்த்தியில் எல்லாம் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம் என்று பதின்மூன்று இடம் வரிசையாக வருகிறது. எந்த ஊரில் எந்தக் கோட்டை, எந்த ஊரில் எந்தச் சோலை என்ற வர்ணனை வருகிறது. யானைகள், வித்யாதர தோரணம், அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் எல்லாம் பிடிபட்ட கணக்கும் இருக்கிறது. நாள் கணக்கு மட்டும் இல்லை. அதோடு, புறப்பட்டதும் முதலில் எதிர்ப்படுவது நக்கவாரம், அதாவது நிக்கோபார். பட்டியலில் அது கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினவன் திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் தாம்பரத்தைச் சொன்ன மாதிரி. முதலில் தலைநகரை அடித்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்றதைப் பார்த்துக்கொண்டார்கள் என்று இதற்கு ஒரு ராணுவ விளக்கம் உண்டு. சந்தத்துக்கு எது பொருந்தியதோ அதைக் கவிராயர் முன்னால் போட்டார் என்று இன்னொரு விளக்கமும் சொல்லலாம். அகவற்பா எழுதியவர்களுக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கும்.

சோழர்கள் தராத நாள் கணக்கைச் சீனர்கள் தந்தார்கள். ராஜராஜன் சீனப் பேரரசருக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அது 1015ல் சோங் அரசவையில் போய் நின்றது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று அங்கே விசாரித்து எழுதி வைத்தார்கள்: 1,150 நாள். அந்தக் குறிப்பில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இடையே ஓடிய நாட்களும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டினால் கப்பல் உண்மையில் கடலில் ஓடியது 247 நாள்தான். மிச்சம் 903 நாள் என்ன செய்தார்கள்? துறைமுகத்தில் இருந்தார்கள். காற்றுக்குக் காத்திருந்தார்கள், உள்ளூர் அதிகாரிக்கு முத்துமாலை கொடுத்தார்களோ என்னவோ, சமைத்துச் சாப்பிட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். மூன்று வருஷம் ஒரே முகங்களைப் பார்த்தால் வேறு என்ன செய்வது? ராஜராஜனின் பெயரால் அவர்கள் சீனத்தில் தலைவணங்கியபோது ராஜராஜன் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. செய்தி அவர்களுக்குப் பின்னால், அதே வேகத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் காற்றுக்குக் காத்திருந்திருக்க வேண்டும்.

இந்த 1,150 நாள் விவரம் சோழர்களின் சொந்தக் கோப்பில் சரியாக இருந்திருந்தால், மலாய் இலக்கியத்தின் மிகப் பெரிய நகைச்சுவை பிறந்திருக்காது.

மலாய் மன்னர்களின் பழைய வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் என்று ஒருவர் வருகிறார். நம் பக்கத்து ராஜா. பெயரைப் பார்த்ததும் சோழன் என்று புரிந்துவிடும். ராஜேந்திரனின் படையெடுப்பு ஊர் ஊராகக் கதை சொல்லப்பட்டுத் தேய்ந்து இப்படி ஆகியிருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்தச் சூலான் உலகத்தையெல்லாம் ஜெயித்துவிட்டு, மிச்சம் இருப்பது சீனம்தான் என்று கிளம்பி, வழியில் துமாசிக் என்ற தீவில் பாளையம் இறங்குகிறார். துமாசிக் என்பதுதான் இன்றைய சிங்கப்பூர். தலைக்கணக்கே எடுக்க முடியாத படை. சீனச் சக்கரவர்த்திக்கு வயிற்றைக் கலக்குகிறது. மந்திரி ஒரு யோசனை சொல்கிறார். யுத்தம் வேண்டாம், செலவும் வேண்டாம், பழைய கப்பல் ஒன்று போதும்.

அந்தக் கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். மேல்தட்டில் மண்ணைக் கொட்டி, காய்த்துக் குலுங்கும் இலந்தை மரங்களை வேரோடு நட்டார்கள். மாலுமிகளாகப் பல் விழுந்த கிழவர்களைப் பொறுக்கியெடுத்தார்கள். கப்பல் ஆடி ஆடித் துமாசிக் வந்து சேர்ந்தது. சூலானின் ஆட்கள் படகில் ஓடி வந்தார்கள். பேச்சு ஏறக்குறைய இப்படி நடந்திருக்கும்:

“தாத்தா, சீனத்துலேர்ந்துதானே வர்றீங்க? எவ்வளவு தூரம்?”

“தூரத்தை யாரு கண்டா, தம்பி? கிளம்புறப்போ எங்களுக்குப் பன்னிரண்டு வயசு. எல்லாருக்கும் பல்லு இருந்துச்சு.”

“இந்த மரம்?”

“விதையாப் போட்டது. வழியில பசிச்சா ஆகும்னு.”

“மூட்டையில என்ன?”

“இரும்புத் தடி. ஒவ்வொண்ணும் கைத்தண்டி. உப்புக் காத்துல தேஞ்சு தேஞ்சு, பாருங்க, ஊசி ஆயிருச்சு.”

ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னார்கள். ராஜா ஊசியை வாங்கிப் பார்த்தார், கிழவர்களைப் பார்த்தார், நாம் எப்போது போய்ச் சேர்வது என்று பெருமூச்சு விட்டார், படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தடி துருப்பிடித்துத் தேய்ந்தது சரி, தேயும்போது ஒவ்வொன்றும் நூல் கோர்க்கக் காது விட்டுக்கொண்டு தேய்ந்தது எப்படி என்று அந்த மாபெரும் சேனையில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அறுபது வருஷம் அந்த மரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றியது யார் என்றும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இத்சிங் 671ல் குவாங்சோவிலிருந்து ஸ்ரீவிஜயத்துக்கு இருபது நாளுக்குள் வந்து சேர்ந்திருந்தார். இருபது நாள் தூரத்தை அறுபது வருஷம் என்று நம்ப வைத்து ஒரு சாம்ராஜ்யம் பிழைத்துக்கொண்டது. பயண நேரத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களில் இதற்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. ‘பஸ் இதோ ரெண்டு நிமிஷத்துல கெளம்பிரும்’ என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

சீனம் கைவிட்டுப் போனாலும் சூலான் சும்மா ஊர் திரும்பவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் உட்கார்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஒரு ராஜகுமாரியைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளும் பெற்றார் என்று கதை தொடர்கிறது. அந்த வம்சத்தில் வந்ததாகச் சொல்லப்படும் சாங் நீல உத்தமன் பிற்பாடு பக்கத்துத் தீவிலிருந்து துமாசிக் வருகிறான். கண்ணுக்குத் தெரியும் தூரம். அதற்குள்ளும் புயல். வழக்கம்போல மூட்டைகளை எறிகிறார்கள், படகு இன்னும் ஆடுகிறது, மகுடத்தைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை என்கிறார்கள். அதையும் கழற்றிக் கடலில் போட்டதும் அலை அடங்கியது. கரையேறியவன் ஒரு மிருகத்தைப் பார்த்தான், சிங்கம் என்றார்கள், ஊருக்குச் சிங்கபுரம் என்று பேர் வைத்தான். அந்தக் காட்டில் சிங்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. புலியாக இருக்கலாம். மகுடம் போன சோகத்தில் இருக்கிறவனிடம் யார் திருத்தம் சொல்வார்கள்?

இதற்குப் பிறகு சில நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம், சிங்கப்பூரே அப்படித்தான் தாண்டியது. 1819 ஜனவரியில் ராஃபிள்ஸ் வந்தார். அதே வருஷம் மே மாதம் பினாங்கிலிருந்து அவரோடு நாராயண பிள்ளை வந்தார். செங்கல் சூளை போட்டார், 1827ல் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். தொடர்ந்து நாகூரார் பெயரில் ஒரு தர்கா எழுந்தது. ராஃபிள்ஸ் ஊருக்குத் திட்டப்படம் போட்டார், நம்மாட்கள் வந்து சேர்ந்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்னார்கள். பாய்மரத்தில் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல நிறையவே இருந்தது.

1871ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அன்றிலிருந்து மனிதன் போகும் நேரமும் செய்தி போகும் நேரமும் தனித்தனியாகப் பிரிந்தன. மனிதனுக்கு நாள் கணக்கு, செய்திக்கு நிமிஷக் கணக்கு. ஆனால் நம் ஊரில் தந்திக்காரன் தெருவில் வந்தாலே அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால், ‘சௌக்கியமாய் வந்து சேர்ந்தேன்’ என்ற நல்ல சேதிக்கு அதைப் பயன்படுத்த யாரும் துணியவில்லை. அது தபாலில், நிதானமாக வந்தது.

நீராவிக் கப்பல் வந்து காற்றைக் கேட்காமல் போக முடியும் என்றானதும் பயணம் ஒரு வாரத்துக்குச் சுருங்கியது. இதே கடலை இந்த யுகத்திலும் முப்பத்தாறு நாளில் கடந்த ஒரு மகானுபாவர் உண்டு. கார்ல் ஃபோன் முல்லர், எம்டன் கப்பலின் கேப்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, பட்டணத்துச் சனங்களைப் பெட்டி படுக்கையோடு ரயிலடிக்கு ஓடவிட்டு, அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்கில் போய் நின்றார். நடுவே டீகோ கார்சியா தீவில் இறங்கினார். அங்கிருந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குப் போர் மூண்ட சேதியே வந்திருக்கவில்லை. ஜெர்மானியர்கள் அதைப் பற்றி வாயே திறக்காமல், அவர்களுடைய மோட்டார்ப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார்கள். பினாங்கில் ஒரு போலிப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு நுழைந்து, நங்கூரம் போட்டிருந்த ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள். அதன் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கெட்டிக்காரனை எம்டன் என்று அழைப்பது சும்மா இல்லை.

நம் கதையின் உண்மையான நாயகி 1926ல் கிளாஸ்கோவில் பிறந்தவள். எஸ்.எஸ். ரஜுலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர், மறுபடி அப்படியே திரும்பி. 1973 வரை, நாற்பத்தேழு வருஷம். கட்டியபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி. டெக் பயணி என்றால் அறை கிடையாது, படுக்கை கிடையாது, தட்டு மட்டும்தான். ஏறினதும் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியை நிறுத்தி, பாயை விரித்து, அதன் மேல் ஒரு கிழவியை உட்கார வைத்துவிட்டால் அந்த இடம் ஒரு வாரத்துக்கு உங்கள் பட்டா நிலம். முதல் ரெண்டு நாள் எல்லோருக்கும் குமட்டல். மூன்றாம் நாள் சீட்டுக்கட்டு வெளியே வரும். நாலாம் நாள் சம்பந்தம் பேசுவார்கள். ஐந்தாம் நாள் அந்தச் சம்பந்தம் முறிந்து சண்டை வரும். ஒரு கிராமத்துக்கு ஒரு வருஷம் பிடிக்கும் வேலையை ரஜுலா ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போடும். படகில் போய் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கமோ கரை தெரியும், இறங்க முடியாது. செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுநோய் முகாம். கப்பலில் யாருக்காவது அம்மையோ காலராவோ கண்டால் டெக் கூட்டம் முழுக்க அங்கே இறங்கி, குளித்து, துணி மருந்து ஆவியில் வெந்து, டாக்டர் தலையாட்டும்வரை உட்கார்ந்திருக்கும். கேபின் பயணிகளுக்கு இந்தத் தொந்தரவு பெரும்பாலும் கிடையாது. கிருமி டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டும் என்பது அன்றைய வைத்திய சாஸ்திரம் போலும். ரப்பர் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆனால் ஆளோடு அவன் உடம்பு வரக்கூடாது என்று அரசாங்கம் நினைத்தது. ஒரு வாரப் பயணம், அதற்கு மேல் சில நாள் தீவு வாசம். வூசிங் கடாரத்தில் இருந்த இருப்பு, வேறு பேரில்.

இதற்கிடையில் ஆகாயத்திலும் ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது. 1910ல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ் ஒரு விமானத்தைக் கிளப்பிக் காட்டினார். 1911 மார்ச்சில் பெல்ஜியக்காரர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடலில் பறந்தார். இரண்டு ஊர்க்காரர்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆனால் இங்கே ஏறி அங்கே இறங்கலாம் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. நடுவில் வங்காள விரிகுடா. அந்தக் காலத்து விமானம் தண்ணீரைக் கண்டால் கரையோரமாகவே ஒதுங்கிப் போகும். 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானப் பாதை திறந்தபோது அது கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா என்று வந்து, அக்யாப், ரங்கூன், பாங்காக் வழியாகச் சிங்கப்பூர் போனது. சென்னைக்காரர் ஆகாய மார்க்கமாகச் சிங்கப்பூர் போக ஆசைப்பட்டால் முதலில் ரயிலேறிக் கல்கத்தா போக வேண்டும். தெற்கே போக வடக்கே ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அந்த விமானம் எங்கே இறங்கும் தெரியுமா? அலோர் ஸ்டாரில். கெடாவின் தலைநகர். ஆயிரம் வருஷம் கழித்தும், இறக்கை முளைத்த பிறகும், கடாரத்தில் கால் வைக்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

போருக்குப் பிறகு நாலு எஞ்சின் விமானங்கள் வந்ததும் கடல் பயம் தெளிந்தது. 1954ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை வாங்கிச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனாலும் ஜனங்கள் ரஜுலாவை விடவில்லை. டிக்கெட் விலை ஒரு காரணம், பெட்டிக்கு எடை பார்க்காதது பெரிய காரணம். ரஜுலா ஓய்வு பெற்றதும் பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய எம்.வி. சிதம்பரம் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். அதோடு கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

தமிழ் சினிமாவுக்கு மட்டும் இந்தப் பயண நேரம் எந்தக் காலத்திலும் ஒரு விஷயமாக இருந்ததில்லை. 1973ல் எம்.ஜி.ஆர். உலகம் சுற்றினார். 1978ல் பிரியா வந்தது. சுஜாதா நாவலில் கதை லண்டனில் நடக்கும், படத்தில் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. கதையையே பத்தாயிரம் கிலோமீட்டர் நகர்த்தியவர்களுக்குக் கதாநாயகனை நகர்த்துவதா கஷ்டம்? மீனம்பாக்கத்தில் விமானம் எழும்பும் ஒரு ஷாட், வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் மெர்லயன் ஒரு ஷாட். மொத்தம் நாலு விநாடி. இந்த சாதனையை இன்னும் எந்த விமான கம்பெனியும் முறியடிக்கவில்லை.

இனி கடிகாரத்துக்கு வருவோம். இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்க, அரசாங்கங்கள் அவற்றுக்கு நடுவே நேரத்தை மாற்றி மாற்றிப் போட்ட கூத்து தனி. ஆரம்பத்தில் சென்னைக்குச் சொந்த நேரம் இருந்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னால். சிங்கப்பூருக்கு 6 மணி 55 நிமிஷம். வித்தியாசம் ஒன்றரை மணிக்குச் சற்று கூட, சூரியன் சொன்னபடி. 1905ல் அவர்கள் ஏழு மணி ஆக்கினார்கள், 1906ல் நாம் ஐந்தரை ஆக்கினோம். 1933ல் அங்கே வெயிலைச் சேமிக்கிறோம் என்று இருபது நிமிஷம் தள்ளிவைத்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெயிலைச் சேமித்த கூட்டம். 1941ல் இன்னொரு பத்து நிமிஷம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஊரைப் பிடித்தார்கள், முதல் வேலையாகக் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். சிங்கப்பூரில் பொழுது விடிவதற்குள் மணி எட்டைத் தாண்டியது. இங்கே சென்னையில் ஜப்பான்காரன் எந்த நேரம் வந்திறங்குவானோ என்று அந்த ஏப்ரலில் அரசாங்க அலுவலகங்களே ஊரைக் காலி செய்துகொண்டிருந்தன. மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைக்கூட, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தப்பிவிடுமே என்று சுட்டுத் தள்ளினார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. அவனுக்கும் காற்று சரியில்லை போலிருக்கிறது.

போர் முடிந்து சிங்கப்பூர் ஏழரைக்குத் திரும்பியது, இரண்டு மணி வித்தியாசம் என்று வாய்க்கணக்காகச் சொல்லும்படி ஆயிற்று. அதையும் விட்டுவைக்கவில்லை. மலேசியாவில் பிரதமர் மகாதீர் சபா, சரவாக்கோடு தீபகற்பத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார். வியாபாரத்துக்குக் குழப்பம் வேண்டாம் என்று சிங்கப்பூரும் கூடவே போனது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரம் பன்னிரண்டுக்குத் தாவியது. சிங்கப்பூர்வாசிகளின் வாழ்நாளில் அரைமணி நேரம் காணாமல் போயிற்று. கேக் வெட்டக் கத்தி தேடிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆகவே இன்றைக்கு இரண்டரை மணி வித்தியாசம். ராத்திரி 11 மணிக்குச் சென்னையில் ஏறினால் விடியற்காலை 5.30க்கு சாங்கி, கடிகாரப்படி ஆறரை மணிப் பயணம். நள்ளிரவுக்கு மேல் சாப்பாடு கொடுத்து, கண் அயர்வதற்குள் விளக்கைப் போட்டுவிடுவார்கள். திரும்பும்போது அங்கே 8 மணிக்கு ஏறி இங்கே 9.30க்கு இறங்கலாம், வெறும் ஒன்றரை மணி. பலன் என்னவென்றால், சிங்கப்பூர் மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டுக்கு வரும்போது சீக்கிரம் வந்துவிட்டதாகவும், வேலைக்குத் திரும்பும்போது ரொம்ப நேரம் ஆனதாகவும் உணர்கிறார்கள். கடிகாரத்தின் மேல் பழி போட முடிகிறது.

பறக்கும் அந்த நாலு மணிக்கு மூன்று மணி முன்னால் வரச் சொல்கிறார்கள். கவுண்ட்டரில் முப்பது கிலோ. நம்மவர்கள் அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து போட்டு, இந்தப் பக்கமிருந்து போகும்போது மாவடு ஜாடியையும், அந்தப் பக்கமிருந்து வரும்போது கோடாலித் தைல டஜன்களையும் பெட்டி மாற்றி, பை மாற்றி, கடைசியில் ஜெர்கின் மேல் ஜெர்கினாகப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். மகுடத்தைக் கழற்றிப் போட்டவன் வம்சம் என்று யாரும் நம்பமாட்டார்கள், ஒரு புளிப் பொட்டலத்தைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. விமானம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே தரையிறங்கும். டைம்டேபிளில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு சீக்கிரம் வந்துவிட்டதாக அறிவிப்பது விமானத் தொழிலில் ஊரறிந்த வித்தை. எல்லோரும் சீட்டை விட்டு எழுந்து கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பார்கள், கதவு திறக்காது. அப்புறம் குடிநுழைவு வரிசை. அப்புறம் பெட்டி வரும் பெல்ட், சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே கார் கொண்டுவந்த மகன் போன் செய்வான்.

“அப்பா, இறங்கிட்டீங்களாப்பா?”

“இறங்கி அரைமணி ஆச்சு. பெட்டி வரணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அத எப்பிடிடா சொல்ல முடியும்? நீ காரை ஒரு ஓரமா விட்டுட்டு ஒரு காபி குடி.”